ஆடும் வீடு, ஆடாத விலை

கேள்வி: நிலநடுக்கம் வந்தால் கான்கிரீட் வீட்டைவிட மரச்சட்ட வீடு நன்றாகத் தாங்குமாமே? (வாசகர், நாமக்கல்)

பதில்: லாரிக்கு பாடி கட்டும் ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது? லோடு வண்டி குழியில் இறங்கினால் மரப்பலகை ‘கிரீச்’சென்று முனகும், லேசில் பிளக்காது. காஷ்மீரின் ‘தஜ்ஜி தேவாரி’ வீடும் அப்படித்தான். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்து, சின்னச் சின்னக் கட்டங்களில் கல்லும் மண்ணும் அடைப்பார்கள். பூமி ஆடினால் அடைத்த கல்லும் மண்ணும் மரச்சட்டத்தோடு உரசியே அதிர்வின் வேகத்தைத் தின்றுவிடும். 2005 காஷ்மீர் நிலநடுக்கத்துக்குப் பிறகு பாகிஸ்தான் அரசே இந்த முறையில் கட்ட அனுமதித்தது. (ஒழுங்காகக் கம்பி கட்டிய கான்கிரீட்டும் தாங்கும், பயப்படாதீர்கள்.) 1900 பிப்ரவரியில் கோவைப் பக்கமும் பூமி ஆடியிருக்கிறது, சேலமும் நிலநடுக்க அபாய வரைபடத்தில் மூன்றாம் மண்டலம்தான். ஆனால் இன்றைய தேக்கு விலையைக் கேட்டால், பூமிக்கு முன்பே வீட்டுக்காரர் ஆடிப்போவார்!