தண்ணி பாக்கப் போறியா கண்ணு?

ஏங்கண்ணு, வர்ற ஞாயித்துக்கெழமை கொடிவேரிக்குப் போறயாமா? நல்லாப் போ. போறதுக்கு முந்தி இந்தக் கெழவன் சொல்றதைச் சித்த காதுல வாங்கிக்க. நீ கேக்க மாட்டேன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிப்போட்டாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்.

கார்ல என்னென்ன ஏத்தறே? மடிக்கிற நாக்காலி. மடிக்கிற மேசை. ஐஸ் பொட்டி. பாட்டுப் பொட்டி. தண்ணிக்குள்ள போட்டுக்க ஒரு செருப்பு, தண்ணியை உட்டு வெளிய வந்தாப் போட்டுக்க இன்னொரு செருப்பு. வெயிலுக்குப் பூச ஒரு களிம்பு, கொசுவுக்குப் பூச ஒரு களிம்பு. செல்போனு நனையாம இருக்க அதுக்கு ஒரு சட்டை. ஏஞ்சாமி, ஊட்டை உட்டுப்போட்டு எங்காச்சும் போலாம்னுதானே கெளம்பறே? பொறவு ஊட்டையே எதுக்குத் தூக்கிட்டுப் போறே?

உன்ற அப்பாரும் ஆத்துக்குப் போனவருதான். ஒரு துண்டு, ஒரு தூக்குப்போசி. அவ்வளவுதான் சாமான். தண்ணி வாத்துக்கறப்ப அதே துண்டை இடுப்புல கட்டிக்குவாரு. மேலேறி வந்து புழிஞ்சு தலையைத் தொவட்டிக்குவாரு. வெயிலேறுனா முண்டாசு. சோறு தின்னு முடிச்சா மரத்தடியில விரிச்சுப் படுக்கை. ஊட்டுக்கு வர்றப்போ அதுலயே நாலு கொய்யாப்பழத்தை முடிஞ்சுட்டு வருவாரு. நீ இத்தனை ஏத்திட்டுப் போறயே, தொவட்டறதுக்குத் துண்டு எடுத்தயா? மறந்துட்டியல்லோ! எனக்குத் தெரியும்.

என்னமோ இயற்கையை ரசிக்கப் போறோம்னு உன்ற கூட்டாளிக கிட்ட சொன்னயாம். ரசி, ரசி. வேண்டாங்கலே. ஆனா நீ அருவின்னு நெனச்சுட்டு முன்னால நின்னு கையை விரிக்கறயே, அது அருவியல்ல கண்ணு. சுவரு. பவானி ஆத்துக்குக் குறுக்கால மனுசன் போட்ட சுவரு. 1125-ல கொங்காழ்வான்னு ஒரு ராசா கட்டுனதாச் சொல்றாங்க. பாறையைக் கொத்தி, கல்லையும் கல்லையும் இரும்புக் கம்பியில கோத்து, சந்துல ஈயத்தைக் காய்ச்சி ஊத்துன வேலைன்னு பேச்சு. தண்ணி நல்லா வத்துனாத்தான் அதைக் கண்ணுல பாக்க முடியும். தண்ணி வத்துனா நீ எங்க வர்றே?

வேலை என்னன்னு கேளு. ஆத்துத் தண்ணி வந்து சுவத்துல முட்டும். முட்டி, ஏறி நிக்கும். நின்ன தண்ணி ஒரு கையில தடப்பள்ளி வாய்க்காலுக்குப் போகும், மறு கையில அரக்கன்கோட்டை வாய்க்காலுக்குப் போகும். ரெண்டுஞ் சேந்து 24,504 ஏக்கருக்குப் பாயுது. நெல்லு, வாழை, கரும்பு, மஞ்சளு. கோபியைச் சுத்தி நீ கார் கண்ணாடியை எறக்கி “ஆகா, என்ன பச்சை”ன்னு சொன்னயே, அந்தப் பச்சைக்கு இதுதான் மூலம். இத்தனையும் குடிச்சது போக மிஞ்சுனதுதான் சுவத்து மேல வழிஞ்சு உழுகுது. ஆக, எங்க நெல்லு குடிச்ச எச்சத் தண்ணிக்கு முன்னால நின்னுதான் நீ போட்டோ புடிக்கறே. சந்தோசமாப் புடி. எங்க நெல்லு கோவிச்சுக்காது. அந்த மிச்சமும் சும்மா போறதில்லை பாத்துக்க. கீழ பவானி ஊருக்கிட்ட காலிங்கராயன் அணை காத்துக்கெடக்குது. அதுவும் எழுநூறு வருசத்துக்கு மேல வேலை பாக்கற அணைதான். ஊருக்குள்ள ஓய்வு எடுக்க வந்தவன் நீ ஒருத்தன்தான் கண்ணு. தண்ணி வேலைக்குப் போயிட்டிருக்குது.

சினிமாக்காரங்க இந்தப் பக்கத்தை மினி கோலிவுட்டுன்னே சொல்லிப்போட்டாங்க. அன்னைக்குக் கேமரா ஒண்ணு வரும், அதைப் பாக்க ஆயிரம் பேரு நிப்போம். இன்னைக்கு ஆயிரம் கேமரா வருது, பாக்கறதுக்குத்தான் ஆளைக் காணோம். போன தடவை ஒரு பையன் கல்லு மேல சம்மணம் போட்டு, கண்ணை மூடி, காதுல ரெண்டு பஞ்சை வெச்சிருந்தான். “என்ன தம்பி பாட்டா?”ன்னேன். “இல்லீங்க தாத்தா, ஆத்துச் சத்தம். மனசு அமைதியாகுமுங்க”ன்னான். அட கெரகமே! காலடியில பவானி கத்திட்டிருக்குது. அது அவனுக்குப் பத்தலையாம். போனுக்குள்ள எந்த ஊரு ஆறு ஓடுச்சோ!

சரி, மழை வருமான்னு போன்ல பாத்துட்டியா? பாத்திருப்பே. பவானிசாகர்ல தண்ணி எத்தனை அடி நிக்குதுன்னு பாத்தயா? அங்கதான் உன்ற படிப்புக்கும் என்ற கைநாட்டுக்கும் வித்தியாசம். கொடிவேரியில ஒரு சொட்டு மழை பேய வேண்டியதில்லை. நீலகிரியில பேஞ்சாப் போதும். இங்க சுள்ளுன்னு வெயிலு காயும், வானத்துல ஒரு பஞ்சு மேகம் இருக்காது, ஆத்துல செவசெவன்னு தண்ணி இரு கரையும் தொட்டுட்டு வரும். மேல பவானிசாகர் அணை இருக்குதல்லோ, 1948-ல ஆரமிச்சு 1955-ல கட்டி முடிச்சது, அதுக்கு 105 அடி கணக்கு. முப்பத்திரண்டே முக்கா டி.எம்.சி.க்கு மேல புடிக்கும். அது நெரம்பி மதகைத் தூக்குனா கொடிவேரியில கேட்டைச் சாத்திருவாங்க. தினமும் பேப்பர்ல நீர்மட்டம்னு ஒரு மூலையில பொடி எழுத்துல போடுவான். வெவசாயி மொதல்ல அதைத்தான் படிப்பான். நீ அதைப் புரட்டிட்டு ராசிபலனுக்குப் போயிருவே. உன்ற ராசி அந்த மூலையில இருக்குது சாமி.

கேட்டு சாத்துன அன்னைக்குப் பாக்கணுமே கூத்தை! திருப்பூர்ல இருந்தும் கோயமுத்தூர்ல இருந்தும் வந்தவங்க போலீசுக்காரரு கிட்ட மல்லுக்கட்டறாங்க. “அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கறோமுங்க”ங்கறாங்க. தண்ணியும் தூரத்துல இருந்துதான் வருது. அதுகிட்டப் போயிச் சொல்லறதுதானே? ஒருத்தரு கோவத்துல ஆத்துக்கு ஒத்தை நட்சத்திரம் போட்டு, மோசம்னு எழுதிட்டுப் போனாரு. ஆறு அதைப் படிச்சுட்டு ஏங்கி அழுதுதுங்கறே?

அங்க பவானிசாகர்லயும் அணைக்கு அடியில பூங்கா இருக்குது. ஊஞ்சலு, சறுக்கு, புல்லுத்தரை. எட்டுக் கிலோமீட்டருக்கு மேல நீளமா ஒரு மண்ணு அணை மலையாட்டம் நிக்குது, சனம் அதுக்கு முதுகைக் காட்டிட்டு ஊஞ்சலுக்கு வரிசையில நிக்குது. ஊஞ்சலு உங்கூரு பூங்காவுல இல்லையாக்கும்? அந்த அணைத் தண்ணிக்குள்ள டணாயக்கன் கோட்டைன்னு ஒரு கோட்டையும் கோயிலும் முங்கிக் கெடக்குது. தண்ணி அடிமட்டத்துக்குப் போனா எந்திரிச்சு வரும். வந்தா அதைப் பாக்க ஒரு கூட்டம் ஓடும். வெவசாயிக்கு வயித்தெரிச்சலு, இவங்களுக்குச் சுற்றுலா. சரி உடு, நாம கொடிவேரிக்கு வருவோம்.

தண்ணியில எறங்கற சங்கதிக்கு வா. கல்லு பூரா பாசி. பச்சையாத் தெரிஞ்சா அது புதுப் பாசி. கறுப்பாத் தெரிஞ்சா அது வளந்த பாசி. ஒண்ணுமே தெரியாம கல்லு சுத்தபத்தமாப் பளபளன்னு இருந்தா, அங்கதான் கண்ணு மூத்த பாசி. உன்ற செருப்புல வழுக்காதுன்னு எழுதியிருக்குமே! பாசிக்குப் படிக்கத் தெரியுமா? கழட்டி வெச்சுட்டு வெறுங்காலுல நட. பெருவெரலைக் கல்லுல ஊனு. நேராப் போகாதே, பக்கவாட்டுல ஒவ்வொரு அடியா வெய்யி. கம்பி இருந்தாப் புடிச்சுக்க, வெக்கப்படாதே. உழுந்தா வீடியோ எடுக்க அம்பது பேரு இருக்கறாங்க, தூக்கறதுக்குத்தான் ஆளு தேடணும்.

சுவத்துக்கு அடியில போயி முதுகைக் காட்டி உக்காரு. மூஞ்சியைக் காட்டாதே, மூச்சு முட்டும். முதுகைக் காட்டுனீன்னா தண்ணி ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல மொத்தும் பாரு, அஞ்சாறு வருசமாக் கம்ப்யூட்டர் முன்னால குனிஞ்ச முதுகு தன்னால நிமிரும். இதையே ஊருக்குள்ள ஏசி ரூம்புல வெச்சு, பின்னணியில புல்லாங்குழலு ஊதி, ஆயிரக்கணக்குல வாங்கிக்கறாங்களாம். இங்க நுழைவுச் சீட்டுக்குச் சில்லறை இருந்தாப் போதும்.

அந்த எடத்தை உட்டுத் தள்ளிப் போகாதே. இதுல மட்டும் நான் வெளாடலே. கீழ்ப்பக்கம் பாறைப் பள்ளம் இருக்குது. மேல பாத்தாத் தண்ணி அசையாது, முழங்காலளவுதான்னு தோணும். உசுரு போன எடம் கண்ணு அது. பலகை நட்டு எழுதி வெச்சிருக்கறாங்க. அந்தப் பலகை மேல சாஞ்சு நின்னு போட்டோ புடிக்கறயே தவுர, திரும்பி அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை பாத்தயா? நீச்சலு தெரியும்ங்கறே. எங்க பழகுனே? நீலக் கல்லு பதிச்ச தொட்டியிலயா? தொட்டியில தண்ணி உன்னை இழுத்துச்சா? ஆழம் தெரியாம காலை உடாதேன்னு சொன்னவன் தொட்டியைப் பாத்தாச் சொன்னான்? மது குடிச்சுட்டு எறங்கறவனுக்குச் சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைப் பாறை சொல்லும்.

பரிசலு ஏறோணும்னா ஏறு. மெதக்கற சட்டை குடுப்பாங்க, போட்டுக்க. கலர் சட்டை மறையுதேன்னு வெசனப்படாதே.

இன்னொரு ரோசனை சொல்றேன் கேளு. ஞாயித்துக்கெழமை எதுக்குப் போறே? ஊரே அங்க இருக்கும். காரு நிறுத்த எடந்தேடியே பொழுது போயிரும். ஆடிப் பதினெட்டு, காணும் பொங்கலு வந்தாக் கேக்கவே வேண்டாம், தண்ணியை உடத் தலைதான் எச்சாத் தெரியும். வியாழக்கெழமை போ. ஆபீசுல காச்சலுன்னு சொல்லிப்போடு. சொன்னாப் பாவமான்னு கேக்கறியா? ஞாயித்துக்கெழமை ஊட்டுல இருந்தவனைப் போனைப் போட்டு வேலை வாங்கறாங்களே, அது எந்தப் புண்ணியத்துல சேத்தி?

வியாழக்கெழமைக்கு ஒரு காரணம் இருக்குது. அன்னைக்குத்தான் புளியம்பட்டிச் சந்தை. கோயமுத்தூர்ல இருந்து சத்தி ரோட்டுல வந்தா வழியிலதான் இருக்குது. வெடியக்காலம் போ. மாட்டுச் சந்தைக்குள்ள போயிச் சும்மா ஒரு ஓரமா நில்லு. ரெண்டு பேரு கை குடுத்துட்டு நிப்பாங்க, கை மேல ஒரு துண்டு கெடக்கும். வாயில “மழை உண்டுங்களா, ஊருல சௌக்கியமா”ன்னு பழமை ஓடிட்டிருக்கும். துண்டுக்குள்ள வெரலு வெலை பேசிட்டிருக்கும். ஒருத்தன் ரெண்டு வெரலைப் புடிப்பான், மத்தவன் உதறுவான், மறுக்காப் புடிப்பான். பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. மாடு கைமாறிரும். உன்ற போன்ல பணம் அனுப்பறதுக்கு எத்தனை பூட்டு, எத்தனை ரகசிய எண்ணு! அங்க ஒரு துண்டு.

அப்பறம் சத்தியமங்கலத்துல பூ மார்க்கெட்டு. மல்லியைப்பூ ஏலம். முகூர்த்தத்துக்கு மொத நாளு ஒரு வெலை, மக்கா நாளு ஒரு வெலை. வெடியறதுக்கு முந்தி செடிகிட்டக் குனிஞ்சு பறிச்ச மொக்கு அது. அங்க போயி வெலை கேட்டுப்போட்டு “இவ்வளவா?”ன்னு வாயைப் பொளக்காதே. கண்ணாடிக் கடையில நொரை தளும்பற காப்பிக்கு எரநூறு ரூவாயை வாயைத் தெறக்காம எடுத்துக் குடுத்தவன்தானே நீ. கீரைக்கட்டுக்காரம்மா கிட்ட மட்டும் எங்கிருந்து வருதோ உனக்கு இந்த வியாபாரத் தெறமை!

சந்தையை முடிச்சுட்டுக் கொடிவேரிக்குப் போனீன்னா வெயிலு ஏறியிருக்கும், கூட்டம் இருக்காது, தண்ணி இருக்கும். நல்லா வாத்துக்க. பசி எடுத்துத் தலை சுத்தும். அப்பத்தான் வெளிய வரணும்.

வெளிய மீன்கடை. தாம்பாளத்துல மீனை வரிசை கட்டி, செவேருன்னு மசாலா பூசி அடுக்கி வெச்சிருப்பாங்க. நீயே கை காட்டி எடுக்கச் சொல்லலாம். பெருசைப் பாத்து ஏமாறாதே. பெருசு உள்ள வேகறதுக்குள்ள மேல கருகும். உள்ளங்கையளவு மீனாப் பாத்து எடு. கருவேப்பிலையோட எண்ணெயில போடறப்பச் சடசடன்னு கேக்கும் பாரு, அந்தச் சத்தத்தைப் போன்ல புடிச்சு வெச்சுக்க, மனசு அமைதியாகும். “என்ன எண்ணெய், மீனு மருந்தில்லாம வளந்துதா, எத்தனை கலோரி”ன்னு அந்தம்மாவை நோண்டாதே. கரண்டி அவங்க கையில இருக்குது. முள்ளு பாத்துத் தின்னு. தின்ன எலையையும் தண்ணிப் பாட்டலையும் கையோட கொண்டாந்து குப்பைத்தொட்டியில போடு. சுவத்துக்கு மேப்பக்கம் ஆத்துல போட்டா அது மாயமாப் போயிராது. தடப்பள்ளி வாய்க்கா வழியா நேரா என்ற வயலுக்குத்தான் வரும். மடையில கைய உட்டு அதை எடுக்கறவன் நானு.

ஒண்ணே ஒண்ணு. கேட்டை உட்டு வெளிய வந்தா வரிசையாக் கடை இருக்கும். கடைசிக் கடையில வெத்தலை போட்டுட்டு ஒரு அம்மா உக்காந்திருக்கும். ருசி அங்கதான். ஆனா என்ற பேரை மட்டும் சொல்லிப்போடாதே கண்ணு. பழைய பாக்கி கொஞ்சம் நிக்குது, உன்ற கணக்குல சேத்திருவாங்க.