ஜப்பான் அண்ணை

யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒரு ஜப்பான் அண்ணை இருப்பார். சீக்கோ மணிக்கூடு, ஹொண்டா சி90 என்று வந்த வரிசையில் எங்களூர் அண்ணையிடம் ஒரு எலக்ட்ரிக் கிற்றாரும் வந்து சேர்ந்தது. கப்பலுக்குப் போன மாமா யொக்கொகாமாவில் வாங்கியதாம்.

பார்க்க வேண்டுமென்றால் கை கழுவ வேண்டும். பெட்டியைத் திறந்து, தலையின் பின்பக்கத்து எண்ணைச் சாதகக் குறிப்புப் போல வாசிப்பார்.

"எல் எண்டால் பன்னிரண்டாம் எழுத்து, மார்கழி. பிறகு 78. மார்கழியிலை பிறந்த பிள்ளை தம்பி, சங்கீதம் இல்லாமப் போகுமே?"

பிறந்தகம் மட்சுமோட்டோ, ஃபுஜிகென் தொழிற்சாலை. பெயர் ஐபனெஸ். இதெல்லாம் சும்மா, அவருக்குப் பெருமை அதன் மேல் இருந்த வழக்குத்தான். ஜிப்சனின் தாய்க் கம்பனி நோர்லின், தங்கள் கிற்றாரை அச்சொட்டாக உரித்துவைத்திருக்கிறார்கள் என்று 1977இல் ஐபனெசின் அமெரிக்க முகவர்மேல் வழக்குப் போட்டது. பிணக்கு கிற்றாரின் தலை வடிவம் பற்றியது மட்டும். ஒரு கதியால் அரைச்சாண் நகர்ந்ததற்கு மூன்று தலைமுறை கோடேறிய ஊரில் இதன் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. வழக்கு 1978 தொடக்கத்திலேயே சமாதானமாக முடிந்துவிட்டது. மார்கழிப் பிள்ளைக்கும் அதற்கும் ஒரு தொடர்புமில்லை. இதை அவரிடம் சொன்னால் தேத்தண்ணி வராது.

1990இல் போரோடு குடாநாட்டில் கரண்ட் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட வருடங்கள். அண்ணை அப்போதுதான் கிற்றார் பழகினார். 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தபோது சைக்கிள் பாரில் அரிசி, கரியரில் கிற்றார். "தையல் மெசினை விட்டுட்டு உதைக் கட்டின மனுசன்" என்று அண்ணி இன்றும் சொல்லிக்காட்டுவா.

போன ஆடியில் கனடா மருமகன் ஒரு அம்ப் கொண்டுவந்து வயரைக் கொழுவினான். "மாமா, ஒண்டு வாசியுங்கோ."

அண்ணை ஒரு தந்தியைத் தட்டினார். வீடு அதிர்ந்தது. கோழிகள் வேலிக்கு மேலால் பறந்தன. அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"கரண்ட் இல்லாக் காலத்திலை பழகின கை தம்பி. உதைக் கொழுவினால் பிழையெல்லாம் கேக்கும்."

வயரைக் கழற்றினார். கிற்றாரின் உடம்பில் காதை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அரை மணித்தியாலம் வாசித்தார். நாலு முழத்துக்கு இப்பால் இருந்த எங்களுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தோம்.