சேவைக்கு ஆள் தேவை

அமெரிக்கக் கல்லூரிகளில் வசந்த விடுமுறை நெருங்கினால் வகுப்பறைக்கு வெளியே, வெளிநாட்டுச் சேவைப் பயணத்துக்கு ஆள் சேர்க்க ஒரு மேசை முளைக்கும். மேலே இலவச பீட்சா. பின்னால் சுவரொட்டி, அதில் குவாத்தமாலாக் குழந்தையை இடுப்பில் தூக்கிய மாணவி. பெயர் கொடுக்கக் கூட்டம் அலைமோதும். முன்பணம் கட்டச் சொன்னதும் பாதிப் பேருக்கு வகுப்பு ஞாபகம் வந்துவிடும். மிச்சம் பேரைப் பிடித்து வைக்கத்தான் டி-ஷர்ட், வாட்ஸ்அப் குழு, பயோடேட்டாவில் ஒரு வரி, கடைசி நாளில் கடற்கரை.

அங்கே போய்ச் செய்வது? பெரும்பாலும் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட். ஸ்பானிஷும் தெரியாது, கொத்துக்கரண்டி பிடித்தும் பழக்கமில்லை. ஒரு வாரத்தில் வேறென்னதான் செய்வார்கள், பாவம்! பத்துப் பேரின் விமானக் கட்டணத்தில் உள்ளூர்க் கொத்தனாருக்குப் பல மாதக் கூலி கொடுக்கலாம். ஆனால் கொத்தனார் செல்ஃபி எடுத்துப் போட மாட்டாரே.

1968 ஏப்ரலில் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் சிந்தனையாளர் இவான் இல்லிச் இதே குறையை மாணவத் தொண்டர்களின் முகத்துக்கு நேராகவே சொன்னார். சுற்றிப் பார்க்க வரலாம், படிக்க வரலாம், உதவ மட்டும் வர வேண்டாம் என்பது அவர் கட்சி. அந்த உரையைப் பயணத்துக்கு முன் பாடமாகவே கொடுக்கிற கல்லூரிகள் இன்று உண்டு. மாணவர்களும் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள்.