கண்ணாடிக்குள் ஒரு கண்மாய்

ஃபில்டர் கிடையாது, குமிழ் விடும் மோட்டார் கிடையாது. கொஞ்சம் மண், நிறையச் செடி, நாலைந்து மீன். இப்படியும் தொட்டி வைக்கலாமா என்று மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து கேட்டவர்களுக்கு இந்த வாரப் பதில்கள்.

கே: ஃபில்டர் இல்லாமல் மீன் பிழைக்குமா? நம்புகிற மாதிரி சொல்லுங்கள்.
– வங்கி ஊழியர், எல்லீஸ் நகர்

ப: வண்டியூர்க் கண்மாய்க்கு யார் ஃபில்டர் வாங்கிப் போட்டார்கள்? மீனின் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது மீனுக்கு விஷம். ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். செடி அந்தச் சுற்று வழியெல்லாம் பார்க்காமல் அம்மோனியாவையே நேராகச் சாப்பிட்டுவிடும். மீனுக்கு விஷம், செடிக்கு விருந்து. எனவே உங்கள் தொட்டியிலும் ஃபில்டர் உண்டு. பச்சையாக இருக்கும், பிளக் இருக்காது.

கே: இது வெளிநாட்டு முறையா, நம் ஊர் முறையா?
– கல்லூரி மாணவர், திருப்பாலை

ப: இன்றைக்கு இதைச் செய்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் பெயர் டயானா வால்ஸ்டாட். செடித்தொட்டியின் உயிரியல் பற்றி இந்த அமெரிக்கப் பெண்மணி எழுதிய புத்தகம் 1999-இல் வந்தது. அவருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் இரண்டு தங்கமீனும் வல்லிஸ்னேரியா செடியும் வைத்துப் பார்த்தார். உதிர்ந்த இலை அழுகித் தண்ணீர் கெட்டது. நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்றன, தண்ணீர் தெளிந்தது. 1850-இல் அதை எழுதி வைத்தார். மீன், செடி, நத்தை என்ற அந்தக் கூட்டணி இன்னும் உடையவில்லை. தமிழ்நாட்டில் இது ஒரு சாதனைதான்.

கே: எங்கள் பக்கம் கரிசல் மண்தான். தொட்டியில் போடலாமா?
– விவசாயி, திருமங்கலம்

ப: கரிசல் பருத்தியைக் காப்பாற்றும், தொட்டியைக் கலக்கும். நனைந்தால் உப்பி இறுகிவிடும், கிளறினால் தெளிய நாளாகும். செம்மண் கிடைத்தால் அதுவே நல்லது. அதிலுள்ள இரும்பு செடிக்கு உதவும். கரிசல்தான் என்றால் பாதிக்குப் பாதி மணல் கலந்துகொள்ளுங்கள். மண் ஓர் அங்குலம், அதன் மேல் அலசிய மணல் ஓர் அங்குலம், போதும். அதற்கு மேல் கொட்டினால் அடியில் காற்றுப் போகாமல் அழுகிய முட்டை நாற்றம் வரும். ஆற்று மணலுக்கு அலைய வேண்டாம், அது இப்போது மீனைவிட அரிய பொருள். எம்-சாண்டையே தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிப் போடுங்கள்.

கே: மண்ணோடு கொஞ்சம் சாணி உரம்?
– அதே விவசாயி

ப: வேண்டாம். அந்த வேலையை மீன் நாள் முழுக்கச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

கே: ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டி, மண், செடி, மீன் எல்லாம் வாங்கினேன். சாயங்காலமே விட்டேன். புதன்கிழமை பாதி போய்விட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– ஒரு அப்பா, அனுப்பானடி

ப: கடைக்காரரை விடுங்கள். சித்திரைத் திருவிழாவில் கொடியேற்றின அன்றே அழகர் ஆற்றில் இறங்குகிறாரா? முதலில் மண்ணும் செடியும். செடி வேர் பிடித்துப் புது இலை விட்டால் கொடி ஏறிவிட்டது என்று அர்த்தம். புதுமண் முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவைக் கசியவிடும்; அதைச் செடி தின்று தீர்க்கட்டும். மூன்று, நான்கு வாரம் பொறுத்து இரண்டு மீனை மட்டும் விட்டுப் பாருங்கள். மற்றவர்கள் பிறகு வரலாம்.

கே: மாநகராட்சித் தண்ணீரா, போர் தண்ணீரா, ஆர்.ஓ. தண்ணீரா?
– இல்லத்தரசி, கே.கே. நகர்

ப: குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாயகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வையுங்கள், பறந்துவிடும். போர் தண்ணீர் கடினத் தண்ணீர். உங்கள் குக்கரில் வெள்ளைப் படலம் கட்டுவது அதனால்தான். ஆனால் கப்பி மீனுக்கும் வல்லிஸ்னேரியாவுக்கும் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும். நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தாதுச்சத்தே இருக்காது. மீனுக்குப் பத்தியச் சோறு மாதிரி. ஆர்.ஓ. கழித்து வெளியே தள்ளும் தண்ணீரிலோ உப்பு இரட்டிப்பு. அதைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

கே: ஓரடிக்கு ஓரடி தொட்டி. எத்தனை மீன் விடலாம்?
– ஷேர் ஆட்டோ ஓட்டுநர், பெரியார் பேருந்து நிலையம்

ப: அண்ணே, உங்கள் தொழில் கணக்கை இங்கே போடாதீர்கள். நீளம், அகலம், உயரம் எல்லாம் ஓரடி என்றால் 28 லிட்டர் பிடிக்கும். மண், மணல் போகக் கொஞ்சம் குறையும். கப்பி அளவுள்ள சின்ன மீன் ஐந்து. ஆறாவது மீன் கை காட்டினாலும் நிறுத்தாமல் போய்விடுங்கள்.

கே: இந்தத் தொட்டிக்கு ஏற்ற உள்ளூர் மீன் உண்டா? எல்லாரும் கப்பி, ஃபைட்டர் என்றே சொல்கிறார்கள்.
– பட்டதாரி ஆசிரியர், மேலூர்

ப: அருமையான ஒன்று உண்டு, பெயர்தான் வாயில் நுழையாது: சூடோஸ்ஃப்ரோமீனஸ் குபானஸ். விரல் நீளம் வரும், வாலின் நடுவில் ஊசி போல் ஓர் இழை நீண்டிருக்கும். ஃபைட்டரின் உறவுக்காரர். தமிழ்நாட்டு, கேரள வயல் வாய்க்கால்களிலும் குட்டைகளிலும் இருக்கிறது. பிரெஞ்சு அறிஞர் குவியே 1831-இல் இதை விவரித்தபோது மீன் கிடைத்த இடம் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரியாங்குப்பம் ஆறு. அந்தக் ‘குப்பம்’தான் பிரெஞ்சு உச்சரிப்பில் ‘கூபாங்’ ஆகி, லத்தீனில் ‘குபானஸ்’ ஆயிற்று. நம்ம ஊர்க் குப்பம் ஒன்று உலக அறிவியல் நூல்களில் உட்கார்ந்திருக்கிறது. இந்த மீன் தண்ணீருக்கு மேலே வந்து காற்றையே நேராக சுவாசிக்கும் என்பதால் மோட்டார் இல்லாத தொட்டிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். அதற்காக மூடியை இறுக்கிவிடாதீர்கள். மேலே காற்று வேண்டும்.

கே: பாசியைத் தின்னும் என்று ‘டேங்க் கிளீனர்’ மீன் கொடுத்தார்கள். வாங்கலாமா?
– ஐ.டி. ஊழியர், வடபழஞ்சி

ப: குட்டியில் அங்குலக் கணக்கு, வளர்ந்தால் ஓரடிக்கு மேல். உங்கள் தொட்டியில் திரும்பிப் படுக்க முடியாது. தின்பதைவிடக் கழிப்பது அதிகம். துப்புரவுப் பணியாளரே குப்பை போட்டால் யாரிடம் புகார் கொடுப்பீர்கள்? கண்மாயிலும் விட்டுவிடாதீர்கள், அது அங்கே பெருகி உள்ளூர் மீனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பாசிக்கு நத்தை போதும்.

கே: மாடக்குளம் கண்மாயில் பாசி, செடி பிடுங்கிவந்து போடலாமா? கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது.
– பிளஸ் டூ மாணவர், பழங்காநத்தம்

ப: தாராளமாக. வரப்பு ஈரத்தில் தானே முளைக்கும் நீர்ப்பிரம்மியைத்தான் கடையில் ‘பக்கோபா’ என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். ஆனால் செடியோடு அட்டையும் தும்பியின் புழுவும் சேர்ந்தே வரும். தும்பிப்புழு சின்ன மீனைப் பிடித்துத் தின்னக்கூடியது. இரண்டு வாரம் தனி வாளியில் வைத்து, அலசி அலசிப் பார்த்து நடுங்கள். மிதக்கிற செடி வேண்டுமா? ரோஜாப்பூ வடிவில் இலை விரிக்கும் ஆகாயத்தாமரை ஒன்று வையுங்கள். வைகையை மூடிக் கிடப்பதையும் அதே பெயரில் சொல்கிறோம். அது தண்டு வெங்காயம் மாதிரி உப்பிய வெங்காயத்தாமரை, தென் அமெரிக்கச் சரக்கு. ஆற்றில் அது அப்படிக் கொழிப்பதே கழிவுநீரைக் குடித்துத்தான். செடிதான் ஃபில்டர் என்பதற்கு ஆற்றைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கே: வாஸ்துப்படி தொட்டியை ஈசானிய மூலையில்தான் வைக்க வேண்டும் என்கிறார் மாமியார்.
– மருமகள், ஆரப்பாளையம்

ப: உச்சிவெயில் நேராக விழாத, எறும்பு ஏறாத, குழந்தை இடிக்காத மூலை எதுவோ அதுவே ஈசானியம். அத்தையிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

கே: லைட் எத்தனை மணி நேரம் எரிய வேண்டும்?
– ஜெராக்ஸ் கடைக்காரர், கோரிப்பாளையம்

ப: வால்ஸ்டாட் அம்மையார் கணக்கு மதுரைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஐந்து மணி நேரம் வெளிச்சம், நான்கு மணி நேரம் மதியத் தூக்கம், மறுபடி ஐந்து மணி நேரம். வெளிச்சத்தில் செடி தீர்த்துவிட்ட கரியமில வாயு அந்த இடைவேளையில் மறுபடி சேர்ந்துகொள்ளும். பச்சைப்பாசி படர்ந்தால் வெளிச்சத்தைக் குறையுங்கள். இரவு முழுக்க எரியவிடாதீர்கள்.

கே: மே மாதம் தண்ணீர் வெந்நீராகிறது. ஐஸ் போடலாமா?
– பெட்டிக்கடை வியாபாரி, உசிலம்பட்டி

ப: சர்பத்துக்குப் போடுங்கள், மீனுக்கு வேண்டாம், திடீர்க் குளிர்ச்சி வெயிலைவிட மோசம். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடித்துவைக்கும் தண்ணீர், 35 டிகிரியில் 7 தான் பிடிக்கும். செடியும் இருட்டில் ஆக்சிஜனைச் செலவுதான் செய்யும். அதனால் ஆபத்தான நேரம் மத்தியானமல்ல, விடியற்காலை. அப்போது மீன் மேலே வந்து வாயைப் பிளந்தால் கூட்டம் அதிகம் என்று பொருள். சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கும். ஊற்றிக்கொண்டே போகாமல் அவ்வப்போது கொஞ்சம் எடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

கே: கொசுப்புழு பார்க்க வருகிறவர்கள் என் தொட்டியைக் கண்டதும் முகம் சுளிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?
– ஓய்வுபெற்ற தபால்காரர், செல்லூர்

ப: நீங்கள் பேசாதீர்கள், மீன் பேசட்டும். நம் சூட்டில் டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆனால் புழு தொட்டியில் தலைகாட்டிய அன்றே மீனுக்குக் காலை டிபன். செடியும் நத்தையும் மட்டும் வைத்த ஜாடி இருந்தால் அதைக் காட்டாதீர்கள். அவர்கள் கவிழ்த்தால் நான் அவர்கள் பக்கம்தான்.

கே: தெப்பக்குளத்தில் போடுகிற மாதிரி தொட்டியிலும் பொரி போடலாமா?
– பூ வியாபாரி, காமராஜர் சாலை

ப: திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளம் ஏறக்குறைய ஆயிரம் அடி நீளம், அங்கே ஒரு கை பொரி கடலில் கரைத்த பெருங்காயம். உங்கள் ஓரடித் தொட்டியில் பத்துப் பொரி ஊறினாலே ஊசிப்போன பாயசம். மீன் இரை ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரத்தில் ஒரு நாள் விரதம் இருந்தாலும் மீன் சாகாது.

கே: பொற்றாமரைக் குளத்தில் மீனே கிடையாதாமே, ஏன்?
– மாணவி, ஆறாம் வகுப்பு, சிம்மக்கல்

ப: திருவிளையாடற் புராணத்தில் ஒரு நாரை வருகிறது. புண்ணியக் குளத்து மீனைத் தின்று தன் இனம் பாவம் சேர்க்கக் கூடாது, இங்கே மீனே இருக்க வேண்டாம் என்று சொக்கநாதரிடம் வரம் கேட்டதாம். தன் சாப்பாட்டையே தடை செய்யச் சொல்லி மனுக் கொடுத்த ஒரே பறவை அதுதான், கண்ணு.

கே: மீன் பார்வையாலேயே முட்டையைப் பொரிக்கும், அதுபோல மீனாட்சி நம்மைக் காக்கிறாள் என்பார் பாட்டி. உண்மையா?
– அதே மாணவி

ப: முட்டை பொரிவது சூட்டாலும் ஆக்சிஜனாலும். ஆனால் பாட்டி சொன்னதில் பாதியை உங்கள் தொட்டியிலேயே பார்க்கலாம். ஃபைட்டரும் மேலே சொன்ன குபானஸும் நுரைக்கூடு கட்டும். முட்டை நழுவி விழுந்தால் வாயால் கவ்வி மறுபடி கூட்டில் ஒட்டிவிட்டு, கண் எடுக்காமல் கீழே நின்று காக்கும். ஒரே ஒரு வித்தியாசம்: நிற்பது அப்பா. மதுரையில் இதைச் சத்தமாகச் சொல்லிவிடாதே.

கே: இரண்டு கப்பி வாங்கினேன், இப்போது எண்ண முடியவில்லை. வைகையில் விட்டுவிடவா?
– தையற்கலைஞர், மதிச்சியம்

ப: வேண்டாம். அது வெளிநாட்டு மீன், நம் கண்மாய்ச் சின்ன மீனோடு போட்டிக்கு நிற்கும். பெண் கப்பி ஒருமுறை கூடினால் மாதக்கணக்கில் குட்டி போடும். எனவே ஆணைப் பிரித்தும் பயனில்லை. அடுத்த முறை ஆண் மட்டும் வாங்குங்கள். இப்போதைக்குத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், இந்தப் பக்கத்தையும் சேர்த்து.

கே: 2012 மின்வெட்டில் ஃபில்டர் நின்று என் மீனெல்லாம் செத்தன. தொட்டியை மாடியில் கவிழ்த்துவிட்டேன். மறுபடி தொடங்கலாமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியை, திருநகர்

ப: நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத காலம் அது டீச்சர், உங்கள் தப்பில்லை. ஃபில்டருக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்கு ஓடும் தண்ணீர்தான் மூச்சு. மோட்டார் நின்ற சில மணி நேரத்தில் அது திணறும், கரண்ட் வந்ததும் உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் வந்து விழும். மூதுரையை நீங்கள் எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பீர்கள்! குளம் வற்றினால் பறந்துவிடும் பறவையும், அங்கேயே கிடக்கும் கொட்டியும் ஆம்பலும். சுவிட்சை அணைத்ததும் கைவிடுகிற ஃபில்டர் பறவை ரகம். கொட்டியும் ஆம்பலும் குளத்துச் செடிகள். ஔவை உறவு என்று சொன்னது அவற்றைத்தான். தைரியமாக நிமிர்த்துங்கள். பல வருடம் வெயிலில் கிடந்த தொட்டி, முதலில் மாடியிலேயே தண்ணீர் நிரப்பி ஒரு நாள் பாருங்கள். ஒழுகினால் ஔவையிடம் பதில் இல்லை, சிலிகான் பசைதான்.