பெட்டி கெட்டி, முகம்தான் பழசு

கேள்வி: பிளைவுட்டில் போட்ட எங்கள் சமையலறை அலமாரிகள் மங்கி, கதவெல்லாம் தொங்குகின்றன. மாடுலர் கிச்சனுக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். சிக்கனமாக வழி உண்டா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக உண்டு. முதலில் சிங்க்குக்குக் கீழே குனிந்து, அடிப்பலகையை விரலால் அழுத்துங்கள். அலமாரியின் ஜாதகம் அங்கேதான் இருக்கிறது! அமுங்கினாலோ உப்பியிருந்தாலோ அதை மட்டும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட்டில் மாற்றுங்கள். மற்ற பெட்டிகள் கெட்டியாக இருந்தால் தொடவே வேண்டாம். கதவுகளுக்குப் புது சன்மைக்கா போதும்.

எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பசையும் நிற்காது. கதவைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகே 1 மி.மீ. சன்மைக்கா தகட்டை ஒட்ட வேண்டும். அவசரப்படும் தச்சரிடம் இதைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். 8க்கு 4 அடித் தகடு ஒன்று 32 சதுர அடி. கதவுகளை அளந்த பிறகே கடைக்குப் போங்கள்.

கதவு தொங்குவது பெரும்பாலும் கீல் திருகின் ஓட்டை தளர்ந்ததால்தான். மருந்து கிள்ளிய தீக்குச்சிகளில் ஃபெவிகால் தடவி ஓட்டையில் அடைத்து, ஒருநாள் காயவிட்டுத் திருகுங்கள், நிமிர்ந்துவிடும். கைப்பிடிக்குப் பழைய ஓட்டைகளின் இடைவெளி முக்கியம். 96 மி.மீ. என்றால் அதே 96தான் வாங்க வேண்டும்.

நிறம் உங்கள் இஷ்டம். ஆனால் அடுப்புக்கு மேலே வெள்ளை மட்டும் வேண்டாம். நம் வீட்டு மஞ்சள்தூளும் தாளிப்பும் அதை விட்டுவைக்காது.