தட்டா, பாடமா? நவீன ராக் ஆல்பங்களின் ஒலித்தரம் குறித்து ஓர் ஆராய்ச்சி

ஒரு நூலுக்கு இரண்டு சுவடிகள் கிடைத்தால், எந்த ஓலை உயர்ந்த ஓலை என்று யாரும் சண்டை போடுவதில்லை. இரண்டிலும் இருப்பது ஒரே பாடம்தானா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த நாளிலிருந்து தமிழ் படித்தவர்களுக்கு இது அரிச்சுவடி. ராக் இசை ரசிகர்களுக்கு மட்டும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. வினைல் இசைத்தட்டில் ஒலி நன்றாயிருக்கிறதா, சி.டி.யில் நன்றாயிருக்கிறதா என்று நாற்பது ஆண்டுகளாக இரண்டு கட்சியாக நின்று வாதாடுகிறார்கள். வினைலார் கதகதப்பு என்பார்கள், சி.டி.யார் துல்லியம் என்பார்கள். கதகதப்பை அளக்கக் கருவி இல்லை, ஆகவே முதல் கட்சியைத் தோற்கடிக்க முடியாது. துல்லியத்தை அளக்கக் கருவி உண்டு. ஆனால் அதை வைத்திருப்பவர் வீட்டுக்குப் பாட்டுக் கேட்க யாரும் போவதில்லை, ஆகவே இரண்டாம் கட்சி ஜெயித்ததாகவும் தெரியவில்லை. இரு கட்சியாரும் ஓலையைப் பற்றிச் சண்டையிடுகிறார்கள், வேறுபாடோ பாடத்தில் கிடக்கிறது என்பதே இவ்வாராய்ச்சி நிறுவ முனையும் கருத்து.

முறைப்படி முதலில் ஓலைகளின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றுச் சுழலும் எல்.பி. இசைத்தட்டை அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் 1948இல் கொண்டுவந்தது. சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய சி.டி. 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. சி.டி.யில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடம் உண்டு, நல்ல எல்.பி.யில் 60, 70 தேறினால் புண்ணியம். எல்.பி.யின் சங்கடம் அதோடு முடியவில்லை. தட்டு எப்போதும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. ஆகவே வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுவிலுள்ள லேபிளை நெருங்கும்போது அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. அதே ஒரு வினாடி இசையைப் பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுதியாக வேண்டும். சிம்பலின் மேல்சுர நுணுக்கங்கள் அங்கே ஊசிமுனையை விடப் பொடியாகிவிடுகின்றன. பாடகர் 'ஸ' என்றால் காதில் 'ஷ்ஷ்' என்று இரைகிறது. ராக் குழுக்களுக்கோ, இருப்பதிலேயே ஆரவாரமான பாட்டைக் கடைசியில் வைக்கும் பழக்கம் உண்டு. தட்டு மிகவும் தளர்ந்திருக்கும் இடம் பார்த்து மிகக் கனமான சுமையை ஏற்றுகிறார்கள். தவிர, இடது காதுக்கும் வலது காதுக்கும் தாழ்சுரம் வேறுபட்டால் பள்ளத்தின் ஆழம் ஏறி இறங்கி ஊசி துள்ளிவிடும்; எனவே பேஸை நடுவில் நிறுத்திவைக்கிறார்கள். தட்டில் வெட்டும்போது தாழ்சுரத்தைக் குறைத்து, மேல்சுரத்தைக் கூட்டி எழுதி, வீட்டில் ஆம்ப்ளிஃபையர் அதைத் திருப்பிப் போடுமாறு 1950களிலேயே ஒரு பொது விதியும் வகுத்தாயிற்று. திருப்பிப் போடாமல் உள்ளபடியே கேட்டால், ரெக்கார்டிங் அன்று பேஸ் கிட்டார்க்காரர் லீவு என்றுதான் தோன்றும்.

சி.டி.யில் இவையொன்றும் இல்லை. அது உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்கு 500 சுற்று, முடிவில் 200 என்று தானே வேகத்தைத் திருத்திக்கொண்டு, கடைசிப் பாட்டுக்கும் முதல் பாட்டுக்குரிய மரியாதையைக் கொடுக்கிறது. ஓலைக்கு ஓலை பார்த்தால் வழக்கு சி.டி.க்கே சாதகம். ஆராய்ச்சி இங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியாததற்குக் காரணம் சி.டி.யின் ஒரு குணம்: அது சொன்னதைச் செய்யும். எவ்வளவு உரக்க எழுதச் சொன்னாலும் எழுதும். அதற்கு ஒரு மேல் எல்லை மட்டும் உண்டு. 65,536 படிகள், அதற்கு மேல் படி கிடையாது. அந்த உச்சியைத் தொட்டுக்கொண்டே முழு ஆல்பமும் நின்றால், அடுத்த குழுவின் பாட்டை விட நம் பாட்டு ஓங்கிக் கேட்குமே என்று தயாரிப்பாளர்களுக்குத் தோன்றியது. மனிதக் காது சற்று உரத்ததைச் சிறந்தது என்று நம்பிவிடும் ஜென்மம். ஆகவே மெல்லிய பகுதிகளைத் தூக்கி, ட்ரம் அடிகளின் முனைகளை லிமிட்டர் என்ற கருவியால் சீவி, எல்லாவற்றையும் நசுக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1995இல் ஒயாசிஸின் 'மார்னிங் குளோரி' இந்தத் துறையில் ஒரு மைல்கல். 1999இல் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'கலிஃபோர்னிகேஷன்' வந்தபின், இதைத் திருத்தித் தாருங்கள் என்று ரசிகர்கள் கையெழுத்து வேட்டையே நடத்தினார்கள். ரஷ் குழு 2002இல் வெளியிட்ட 'வேப்பர் டிரெயில்ஸ்' ஆல்பத்தை 2013இல் முழுவதும் மறுபடி கலந்து, பிழைதிருத்திய பதிப்பாகக் கொண்டுவந்தது. தொண்ணூற்றாறு டெசிபல் அகலமுள்ள ஏட்டைக் கையில் கொடுத்தால், மேலோரத்தில் ஒரு விரற்கடை இடத்தில் மட்டும் எழுதித் தள்ளிய வரலாறு இது.

பாடபேதம் என்ற கருத்துக்கு ராக் இசை தந்த தலைசிறந்த சான்று மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்'. 2008 செப்டம்பர் 12இல் வெளிவந்தது. தயாரித்தவர் ரிக் ரூபின். ('கலிஃபோர்னிகேஷன்' தயாரித்தவரும் இவரே என்பது அடிக்குறிப்பில் வரவேண்டியது; அடிக்குறிப்பு இல்லாததால் அடைப்புக்குறிக்குள் வந்தது.) இதன் சி.டி. பாடத்தைக் கணினியில் விரித்துப் பார்த்தால், ஒலியலையின் மேலும் கீழும் அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல் தட்டையாக இருக்கும். ஸ்னேர் ட்ரம் கேட்கும், அடி விழாது. அதே நாளில் 'கிட்டார் ஹீரோ' என்ற விளையாட்டுக்கும் இந்த ஆல்பம் கொடுக்கப்பட்டது. விளையாட்டுக்காரர்களுக்குக் கிட்டாரும் ட்ரம்மும் தனித்தனியாக வேண்டும் என்பதால், கடைசி நசுக்கலுக்கு முந்தைய நிலையில் ஒலி அங்கே போயிற்று. ரசிகர்கள் அதைப் பிரித்தெடுத்து ஒப்பிட்டார்கள். விளையாட்டுப் பாடத்தில் ஒவ்வொரு ட்ரம் அடியும் தனித்து எழுந்து நின்றது. ஆக, உலகின் மிகப் பெரிய மெட்டல் குழுவின் திருத்தமான பாடம், பிளாஸ்டிக் கிட்டாரில் வண்ணப் பொத்தான் அமுக்கும் பிள்ளைகளுக்கு வாய்த்தது. காசு கொடுத்து ஆல்பம் வாங்கிய பெரியவர்களுக்கு இடைச்செருகல் வாய்த்தது. அச்சுக்கு முந்தைய கடைசி ஒலித்திருத்தமான மாஸ்டரிங்கைச் செய்த டெட் ஜென்சன், தம்மிடம் வரும்போதே அது நசுங்கித்தான் வந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதிய பதில் வெளியாகிவிட்டது. ஏடு பெயர்த்து எழுதியவர்மேல் குற்றமில்லை, மூலத்திலேயே சிதைவு.

இங்கே வினைலார் ஒரு தடை எழுப்புவர். "அதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! இசைத்தட்டில் அப்படி நசுக்கி எழுத முடியாது, ஊசி தாங்காது. ஆகவே வினைல் தானாகவே நல்ல பாடமாகிவிடுகிறது" என்பது அவர்கள் வாதம். பாதி உண்மை. உரக்க வெட்டினால் பள்ளம் அகலமாகும். அகலமானால் ஒரு பக்கத்தில் இருபது நிமிடம் கொள்ளாது. மெய்தான். ஆனால் வெட்டுபவர் என்ன செய்வார்? நசுங்கிய அதே கோப்பை வாங்கி, ஒலியளவைக் குறைத்து, அப்படியே வெட்டுவார். சீவின முனை சீவினதுதான். இப்போது மெதுவாகக் கேட்கும். 'டெத் மேக்னடிக்' சுமார் 75 நிமிட ஆல்பம். அதற்கு ஐந்து தட்டுகள் கொண்ட ஒரு பெட்டிப் பதிப்பும் வந்தது: பத்துப் பாட்டு, பத்துப் பக்கம், நிமிடத்துக்கு 45 சுற்று. உள்வட்டத்து நெருக்கடி என்ற குறை பெரிதும் நீங்கிய உயர்ந்த ஓலை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருமுறை எழுந்து போய்த் தட்டைத் திருப்பலாம் என்பதால் உடம்புக்கும் நல்லது. பாடம் மட்டும் அதே பழைய பாடம்.

விடாக்கண்டரான வினைலார் அடுத்து ஒரு எண்ணை நீட்டுவர். ஒலியின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் மென்பொருள் உண்டு, அதில் சி.டி.யையும், தட்டிலிருந்து பதிவு செய்ததையும் போட்டால், பெரும்பாலும் தட்டு அதிக மதிப்பெண் வாங்கும். இது கண்டு மயங்கலாகாது. தட்டையாக வெட்டுப்பட்ட அலை, வெட்டும் கருவியின் வடிகட்டிகள், பள்ளம், ஊசி, ஆம்ப்ளிஃபையர் என்று பயணம் செய்து வெளியே வரும்போது அதன் கட்டம் (ஃபேஸ்) சற்றே திரிகிறது. தட்டைத் தலை சாய்ந்து, ஓரத்தில் ஒரு புது முனை துருத்திக்கொள்கிறது. மென்பொருள் அதைப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. செல்லரித்த இடத்தை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் வாசித்திருந்தால் அந்த ஓட்டைக்கும் ஒரு நயமான பொருள் கண்டிருப்பார், அவ்வளவே.

பிற்பாடு மிஞ்சுவது, சி.டி. ஒலியைப் படிகளாக வெட்டிவிடுகிறது, வினைலில் மட்டும்தான் அலை முழுதாக ஓடுகிறது என்ற தத்துவத் தடை. வினாடிக்கு 44,100 முறை அளந்தால் 22,000 ஹெர்ட்ஸ் வரையிலான அலையைப் படியில்லாமல் முழுதாக மீட்கலாம் என்பது கணிதம். அதற்கு மேல் கேட்பது வௌவாலுக்கே உரியது, ராக் கச்சேரிகளில் இளமையைக் கழித்தவர்களுக்கு அல்ல. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர், சி.டி.யை விட நுட்பமான வடிவங்களில் வந்த இசையை நேராகவும், இடையில் சி.டி. தரத்துக்குக் குறைத்தும் ஒலிக்கவிட்டு, எது எது என்று கேட்டார்கள். 554 சோதனைகளில் சரியான விடை 49.8 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டியிருந்தால் செலவு மிச்சம். இதையும் மிஞ்சிய சோதனை ஒன்றை யாரும் திட்டமிடாமலே வரலாறு நடத்திக் கொடுத்தது. ஒலிப்பதிவு நாடாவிலிருந்து நேரே வெட்டிய, டிஜிட்டல் தீட்டுப் படாத தட்டுகள் என்று ரசிகர்கள் கொண்டாடிவந்தவை மொபைல் ஃபிடலிட்டி நிறுவனத்தின் எல்.பி.கள். மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஆல்பத்தில் 40,000 பிரதிகள் வெளியிடப்போவதாக 2022இல் அந்நிறுவனம் அறிவித்தபோது, ஒரே நாடாவை வைத்துக்கொண்டு இத்தனை எப்படி வெட்ட முடியும் என்று சந்தேகம் கிளம்பிற்று. ('திரில்லர்' ராக் அல்லவே என்பவர், அதில் எடி வான் ஹேலன் கிட்டார் வாசித்திருப்பதை நினைவில் கொள்க.) பீனிக்ஸ் நகரத்து இசைத்தட்டுக் கடைக்காரர் ஒருவர் நேரில் போய்க் கேட்க, 2011 முதலே பல தட்டுகளுக்கு நடுவில் டிஜிட்டல் நகல் எடுத்துவந்ததைப் பொறியாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். வழக்கு நடந்து, 2.5 கோடி டாலர் அளவுக்கு உடன்பாடாயிற்று. நுண்செவியர் பல்லாண்டுகள் கேட்டும் தட்டிலிருந்து யாருக்கும் தெரியவராத செய்தி, ஒரு கடைக்காரரின் பெருக்கல் கணக்கில் தெரியவந்தது.

அப்படியானால் வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குவது? சுவடியின் இறுதியில் ஏடெழுதியவர் தம் பெயரைக் குறிப்பது மரபு. எல்.பி.யிலும் அது உண்டு. கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் வெறுமையாய் ஒரு வளையம் இருக்கும். தட்டை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால், அதில் எண்களுக்கு நடுவே, வெட்டியவர் கையால் கீறிய இரண்டொரு எழுத்துத் தென்படும். லெட் செப்பலின் குழுவின் இரண்டாம் ஆல்பத்தில், 1969இல் 'ஆர்.எல்.' என்று கீறிய பிரதிகள் இன்று பெருவிலைக்குப் போகின்றன. ஆர்.எல். என்றால் ராபர்ட் லட்விக். அவர் உரக்க வெட்டியதில் சாதாரண ப்ளேயர்களில் ஊசி துள்ள, நிறுவனம் அதை விலக்கிவிட்டு அடக்கமான வேறு பாடத்தை வெளியிட்டது. அதே லட்விக் 2008இல் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் 'சைனீஸ் டெமாக்ரஸி' ஆல்பத்துக்கு மூன்று மாஸ்டர்கள் செய்து நீட்டினார்; குழுவினர் தேர்ந்தது இருப்பதிலேயே நசுக்கல் குறைந்ததை. 'டெத் மேக்னடிக்' கேட்டு மெட்டாலிகா ரசிகர்கள் போட்ட கூச்சல் அப்போது இன்னும் அடங்கவில்லை. சி.டி.யாகவே வாங்கினாலும் ஒலி பிழைத்திருக்கும் ஆல்பம் அது. பாட்டுகள் எப்படி என்பது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நைன் இன்ச் நெயில்ஸ் 2013இல் 'ஹெசிடேஷன் மார்க்ஸ்' ஆல்பத்துக்கு உரத்த பாடம் ஒன்று, அடங்கிய பாடம் ஒன்று என இரண்டையும் வெளிப்படையாகவே கொடுத்தது. கேட்பவரே பதிப்பாசிரியர் ஆகிக்கொள்ளலாம். சி.டி.யின் அடியிலும் பளபளக்கும் உள்வளையத்தில் சில குறியீடுகள் உண்டு. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் எந்த ஆலையில் அச்சானது என்று தெரியும். எழுதியவர் யார் என்பது தெரியாது.

முடிவாகக் கவனிக்கத்தக்க ஒரு சாரார் இருக்கிறார்கள். 2022இல் அமெரிக்காவில், 1987க்குப் பிறகு முதல் முறையாக, சி.டி.யை விட எல்.பி. அதிக எண்ணிக்கையில் விற்றது. பிரிட்டனில் பி.பி.சி.க்காக 2016இல் நடந்த கருத்துக்கணிப்பில், முந்தைய மாதம் வினைல் வாங்கியவர்களில் 48 விழுக்காட்டினர் அதை இன்னும் போட்டுக் கேட்கவில்லை என்றார்கள். அமெரிக்காவில் லூமினேட் நிறுவனம் 2023இல் சொன்ன கணக்குப்படி, வினைல் வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் தட்டு சுழற்றும் ப்ளேயரே இருக்கிறது. மற்றப் பாதியினரின் அலமாரியில் உள்வட்டத்து இரைச்சல் இல்லை, தூசியின் சடசடப்பு இல்லை, நசுக்கலும் தெரியாது. இரு கட்சியாருக்கும் இனி வழக்கு வந்தால், எந்தத் தட்டையும் கேட்டு மனம் சாய்ந்திராத இவர்களையே நடுவர்களாக நியமிக்கலாம் என்று இவ்வாராய்ச்சி பரிந்துரைக்கிறது.