போகியும் பொத்தான்களும்

போகியன்று விடியற்காலை தெருவே பழையதை வாசலில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து பழையதை வீட்டுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தேன். மடிக்கணினியில் லினக்ஸ், அதன் மேல் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப், அதற்கும் மேல் ‘சிகாகோ95’ என்ற தீம். விண்டோஸ் 95 தொட்டிலில் கிடந்தபோது அதற்கு வைத்திருந்த பெயர்தான் சிகாகோ.

பத்தே நிமிடம். திரை முழுக்க அந்தப் பழைய மயில்கழுத்து நிறம், அடியில் சாம்பல் பட்டை, இடது மூலையில் ஸ்டார்ட் பொத்தான். 4 எம்பி ரேம் இருந்தாலே ஓடும் என்று சொல்லி விற்ற உருவம் அது. என் மடிக்கணினியில் இருப்பது 8 ஜிபி. இரண்டாயிரம் மடங்கு வளர்ந்த ஆள் அரைஞாண் கயிறோடு வந்து நின்ற மாதிரி இருந்தது. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. கொஞ்சம் போகிப் புகையும் காரணம்.

போலி என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எக்ஸ்எஃப்சிஇயே 1996-ல் பிறந்தபோது, யூனிக்ஸ் கணினிகளில் இருந்த சிடிஇ என்ற டெஸ்க்டாப்பைப் பார்த்து வரைந்ததுதான். பரம்பரையே அப்படி.

தீம் மாட்டுவது சுலபம். அந்தக் காலத்துச் சங்கதிகளில் எதை உள்ளே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதில்தான் பொங்கல் விடுமுறை நான்கு நாளும் போனது. நீளமாக ஒரு பட்டியல் போட்டேன். பரண் ஒழித்துக்கொண்டிருந்த மனைவி அதைக் கையில் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி கேட்டாள்: “இது என்ன வேலை செய்யும்?” அன்று காலை அப்பா காலத்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பழைய இரும்புக்காரரிடம் அனுப்பியதும் இதே கேள்விதான்.

முதலில் பொத்தான்கள். மேல் விளிம்பிலும் இடது விளிம்பிலும் வெள்ளைக் கோடு; கீழும் வலமும் கறுப்புக் கோடு. இடது மேல் மூலையிலிருந்து வெளிச்சம் விழுவதுபோல ஒரு மாயம், அவ்வளவுதான். அழுத்தினால் கோடுகள் நிறம் மாறும். பொத்தான் உள்ளே போய்விட்டதாக விரலே நம்பிவிடும். இன்றைய திரைகளில் எது எழுத்து, எது பொத்தான் என்று தெரிவதில்லை. உப்பையும் சர்க்கரையையும் ஒரே மாதிரி டப்பாவில் வைத்தது போலத்தான். நக்கிப் பார்க்க வேண்டும். “இது இருக்கட்டும்” என்றாள்.

அடுத்து ஸ்க்ரோல் பார். விண்டோஸ் 95-ல் அது 16 பிக்சல் அகலம். நன்றாகப் பிடித்து இழுக்கலாம். இன்றைக்கு மயிரிழை போல வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளிகிறது. எவ்வளவு படித்திருக்கிறோம், எவ்வளவு பாக்கி என்று அந்தக் காலத்துப் பட்டை ஒளிக்காமல் சொல்லிவிடும். அதுவும் தேறியது.

மூன்றாவது, தொடக்க இசை. பிரயன் ஈனோ அமைத்தது, ஆறு விநாடி. அதை ஒரு மேக் கணினியில் அமைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். எதிர்க்கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதிய தேர்தல் அறிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையைச் சொன்னால் மனைவி மனம் இளகும் என்று நினைத்தேன். அவளோ, “அப்ப எதுக்கு அந்தச் சத்தம்?” என்றாள். யோசித்தேன். கணினியைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனவனை, “தயார், வா” என்று கூப்பிட்டது அது. இப்போது பன்னிரண்டு விநாடியில் திரை வந்துவிடுகிறது. டீயும் ஆறவில்லை, ஆளும் எழுந்து போகவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலித்து, மார்கழிக் கோயில் ஒலிபெருக்கியோடு போட்டி போட்டதுதான் மிச்சம். தள்ளுபடி.

வட்டில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை அடுக்கிவைக்கும் டிஃப்ராக் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வண்ணக் கட்டங்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதை மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்த தலைமுறை நாம். இன்றைய எஸ்எஸ்டி சேமிப்பகத்துக்கு அது தேவையே இல்லை, செய்தால் தேய்மானம்தான். அடுக்குவதுபோல நடித்துக் காட்டும் பொம்மை நிரல்கள் கிடைக்கின்றன. “அடுக்குற மாதிரி நடிக்க வீட்ல ஏற்கெனவே ஆள் இருக்கு” என்று சொல்லி, பரணிலிருந்து ஒரு பெட்டியை என்னிடம் இறக்கினாள்.

“நடுவுல நின்னுபோகுமே, அதையும் சேர்ப்பீங்களா?” என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. விண்டோஸ் 95, 98 இரண்டிலும் ஒரு பிழை இருந்தது. உள்ளே மில்லி விநாடி எண்ணும் 32 பிட் கணக்கு 49.7 நாளில் நிரம்பிவிடும், கணினி உறைந்துவிடும். எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. எங்கள் மின்வெட்டுக்கு 49.7 மணி நேரமே அதிகம்.

இருந்தாலும் ஆசை விடவில்லை. யாருக்கும் சொல்லாமல் ஒன்றைச் சேர்த்தேன். எக்ஸ்ஸ்க்ரீன்சேவர் என்ற நிரல் தொகுப்பில், கணினி செத்துப்போனதுபோல நீலத் திரை காட்டும் ஒரு ஸ்க்ரீன்சேவர் இருக்கிறது. அதை வைத்துவிட்டு, காணும் பொங்கலன்று ஒரு கட்டுரையைப் பாதி எழுதிய நிலையில் காபி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் நீலத்தில் வெள்ளை எழுத்து. நெஞ்சு திடுக்கிட்டது. இருபத்தைந்து வருடப் பழக்கம். புத்திக்கு முன்னால் கை போய்ப் பவர் பொத்தானைப் பிடித்து அழுத்தியது. கட்டுரை போயிற்று.

“நீங்களே வெச்சதுதானேப்பா அது?” என்றாள் மகள்.

பொத்தானும் பட்டையும் நிலவரத்தை உள்ளபடி சொன்னதால் தேறின. நான் திருட்டுத்தனமாகச் சேர்த்தது பொய் சொல்வதையே தொழிலாகக் கொண்டது. அதற்கு முதலில் ஏமாந்தவனும் நானே. மனைவியின் கேள்விக்கு என் ஏக்கத்தைவிட விவரம் அதிகம்.

சில வசதிகளை எந்தத் தீமாலும் தர முடியாது. 1998-ல் நான் படித்த பயிற்சி நிலையத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் கணினி அறைக்குள் போவோம். ஆயுத பூஜைக்கு மானிட்டர் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். தூசி படாமல் மேலே ஒரு துணி உறை. இன்று அதே கணினியை மடியில் வைத்துக்கொண்டு முறுக்கு தின்கிறோம்.

பட்டியலில் கடைசியாக நின்றது ஒரு வாக்கியம். அந்தக் காலக் கணினிகள் பலவற்றுக்குத் தாமாக அணையத் தெரியாது. எல்லாம் முடிந்ததும் கறுப்புத் திரையில் ஆரஞ்சு எழுத்தில், இப்போது அணைக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கும். நாம்தான் சுவிட்சைத் தட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் இந்த மடிக்கணினி தானே அணைந்துவிடும். வேலையில்லாத வாக்கியம், நானே அடித்துவிட்டேன்.

அடித்ததில் நஷ்டம் ஒன்றுமில்லை. இரவு பதினொரு மணியானால் அடுக்களை விளக்கு அணையும். “என்னங்க, போதும், அணைச்சுட்டு வாங்க” என்று குரல் வரும். அந்த வசதி எங்கள் வீட்டில் கல்யாணமான நாளிலிருந்தே இருக்கிறது.